எம்.ஆர்.ஐ. நார்மல், ஆனால் வாசனை தெரியவில்லை: பார்க்கின்சனில் ஸ்கேன் எதைப் பார்க்கிறது?

கேள்வி இது: "அப்பாவுக்கு 64 வயது. இடது கை நடுங்குகிறது, நடை தளர்ந்துவிட்டது. பார்க்கின்சன் ஆரம்பம் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். ஆனால் ஐந்தாறு வருடமாகவே அவருக்கு வாசனை எதுவும் தெரியாது. மூளை எம்.ஆர்.ஐ. எடுத்ததில் நார்மல் என்று வந்திருக்கிறது. கோளாறு மூளையில் என்றால் ஸ்கேனில் தெரிய வேண்டாமா? எனக்கும் கோவிட்டுக்குப் பிறகு வாசனை பாதிதான் திரும்பியது. நானும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடட்டுமா?"

மூளைப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் அன்றாட வேலை. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அப்பாவின் ரிப்போர்ட்டில் தப்பில்லை. நடுக்கத்தோடு வருகிறவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுப்பது பார்க்கின்சனைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல. பார்க்கின்சன் மாதிரியே தோன்றுகிற மற்றவற்றை, அதாவது வரிசையாக வந்த சின்னச் சின்ன ஸ்ட்ரோக், மூளைநீர்த் தேக்கம், கட்டி போன்றவற்றை, இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக. அப்பாவுக்கு அதெல்லாம் இல்லை. "நார்மல்" என்ற சொல்லுக்கு அங்கே அவ்வளவுதான் பொருள். அவருடைய வாசனைப் பாதையை அந்தப் படத்தில் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். தேடியிருந்தாலும் அந்தப் படத்தில் அது சரியாக அகப்பட்டிருக்காது.

அது ஏன் என்று புரிய, அந்தப் பாதை எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். மூக்கின் உச்சியில் சில சதுர சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு சவ்வு இருக்கிறது. வாசனையைப் பிடிக்கும் நரம்பணுக்கள் அதில் உள்ளன. அவற்றின் இழைகள் மேலே இருக்கும் சல்லடை எலும்பின் ஓட்டைகள் வழியாக மூளைக்குள் ஏறி, முகர்குமிழில் போய்ச் சேர்கின்றன. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குமிழ்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கன மில்லிமீட்டர். ஒரு துவரம்பருப்பைக் கொஞ்சம் இழுத்து நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. அங்கிருந்து செய்தி பிரிஃபார்ம் புறணி (மூளையின் மேலடுக்கில் வாசனைக்கான பகுதி), அமிக்டலா, ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதி என்று நேராக நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் இடத்துக்கே போகிறது. பார்ப்பதும் கேட்பதும் முதலில் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் புறணிக்குப் போகும். வாசனை அங்கே நிற்பதில்லை.

பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் மடிப்புக் குலைந்து நரம்பணுக்களுக்குள் திரள்கிறது. ஜெர்மனியின் ஹைக்கோ பிராக்கும் அவருடைய குழுவினரும் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து 2003இல் ஒரு வரிசையை முன்வைத்தார்கள். முதல் கட்டத்தில் அந்தத் திரட்சி தெரியும் இடங்கள் இரண்டு: ஒன்று முகர்குமிழும் அதையடுத்த முன் முகர்கருவும், இன்னொன்று வயிற்றுக்கும் குடலுக்கும் போகும் வேகஸ் நரம்பு தொடங்கும் இடம். கை நடுக்கத்துக்குக் காரணமான, நடுமூளையில் உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதி மூன்றாவது கட்டத்தில்தான் வருகிறது. எல்லா மூளையும் இந்த வரிசைப்படி போவதில்லை. சிலருக்கு நோய் குடலிலிருந்து மேலேறுகிறது, சிலருக்கு மூளையிலேயே தொடங்குகிறது என்று டென்மார்க்கின் ஆர்ஹஸ் குழு படங்களோடு வாதிடுகிறது. ஆனால் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே வாசனை போனது என்று உங்கள் அப்பா சொல்வது, உலகம் முழுக்க நோயாளிகள் சொல்கிற அதே வரலாறுதான்.

இது மருத்துவர்கள் கண்ணில் பட வெகுகாலம் பிடித்தது. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிய கட்டுரையில் வாசனை பற்றிய பேச்சே இல்லை. 1975இல்தான் இதைச் சோதித்துப் பார்த்த முதல் ஆய்வு வந்தது. 1984இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டோட்டி, சுரண்டி முகரும் 40 வாசனைகள் கொண்ட சோதனையை வெளியிட்டார். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கும் வாசனை எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை என்று அவருடைய குழு 1988இல் காட்டியது. நடுக்கம் கூடக்கூட வாசனையும் தேய்ந்துகொண்டே போவதில்லை. நோய் தெரியவரும் நாளிலேயே அது பெரும்பாலும் போய்விட்டிருக்கிறது. 2009இல் வெளிவந்த பல மையங்களின் ஆய்வில் 400 நோயாளிகளைச் சோதித்தார்கள். இளைஞர்களின் அளவுகோலில் 96.7 சதவீதம் பேருக்குக் குறைவு. வயதுக்கு ஏற்ற அளவுகோலை வைத்தால் 74.5 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் எண்ணை மட்டும் சொன்னால் வயதானால் எல்லோருக்கும் வரும் குறைவும் அதில் சேர்ந்துகொள்கிறது.

ஒருமுறை ஒரு பெரியவரிடம் கண்ணை மூடச் சொல்லி, பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டினேன். நன்றாக இழுத்தார். "ஏதோ வருது டாக்டர், இன்னதுன்னு சொல்லத் தெரியலை" என்றார். கதவோரம் நின்றிருந்த அவர் மனைவிக்கு அங்கேயே வாசனை அடித்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தைலத்தை நீட்டியதும் பெரியவர் சட்டென்று, "இது தைலம்! எனக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் உணர்ந்தது தைலத்தின் எரிச்சலை. அதைக் கொண்டுபோவது முகத்தின் தொடு உணர்வு நரம்பான ட்ரைஜெமினல். பார்க்கின்சனில் அது பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. அதனால் வீட்டில் யாரையாவது சோதித்துப் பார்ப்பதென்றால் தைலம், கற்பூரம், மூக்குப்பொடி வேண்டாம். காப்பித்தூள், மல்லிகைப்பூ, நெய், கறிவேப்பிலை போதும்.

வாசனைச் சோதனையில் ஊருக்கும் பங்கு உண்டு. டோட்டியின் 40இல் பூசணிப் பை, ரூட் பியர் எல்லாம் இருக்கின்றன. திருநெல்வேலிக்காரர் ரூட் பியரைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் கோளாறு அவர் மூக்கில் இல்லை. ஜப்பானியர்கள் தங்கள் சோதனையில் எழுத்து மை, ஹினோக்கி மரம் போன்றவற்றை வைத்துக்கொண்டார்கள். இந்தியாவிலும் நமக்குப் பழகிய வாசனைகளைக் கொண்டு சோதனை உருவாக்கியிருக்கிறார்கள்.

இனி படங்களுக்கு வருகிறேன். முகர்குமிழை எம்.ஆர்.ஐ.யில் பார்க்க முடியும். ஆனால் அதற்கென்றே எடுக்க வேண்டும். வழக்கமான தலை ஸ்கேனில் ஒவ்வொரு வெட்டும் 5 மில்லிமீட்டர் கனம். துவரம்பருப்பு அளவுள்ள ஒன்று அந்த இடைவெளியிலேயே நழுவிவிடும். ஒன்று இரண்டு மில்லிமீட்டர் கனத்தில், முகத்துக்கு இணையான தளத்தில் எடுத்தால், இரண்டு கண்குழிகளுக்கு நடுவே, முன்மூளைக்கு அடியில், வெள்ளையாகத் தெரியும் மூளைநீருக்குள் இரண்டு சாம்பல் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு வெட்டிலும் அந்தப் புள்ளியின் ஓரத்தை மவுஸால் வரைந்து, பரப்பைக் கூட்டிக் கன அளவைக் கணக்கிடுகிறார்கள். கை கொஞ்சம் பிசகினாலும் எண் மாறும். நோயாளி தலையைச் சற்று ஆட்டினால் புள்ளியே கலங்கிவிடும். பார்க்கின்சன் உள்ளவரிடம் அசையாமல் படுங்கள் என்று கேட்பதன் சிரமம் உங்களுக்குத் தெரியும்.

இப்படி அளந்ததில் என்ன தெரிந்தது? 2005இல் டிரெஸ்டனில் செய்த சிறிய ஆய்வில் நோயாளிகளின் குமிழுக்கும் மற்றவர்களுடையதற்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை. பின்னால் வந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது பார்க்கின்சன்காரர்களின் குமிழ் சராசரியில் சற்றுச் சிறியதாக இருந்தது. ஆனால் நலமாக இருப்பவர்களிலும் சிறிய குமிழ்க்காரர்கள் நிறைய உண்டு. நூறு பேரை நூறு பேரோடு ஒப்பிடலாம், ஒரு தனி மனிதரின் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எல்லோரும் முதலில் நினைப்பது குமிழ் வாடிச் சுருங்கியிருக்கும் என்றுதான். 2004இல் நெதர்லாந்தில் இறந்தவர்களின் குமிழ்களை எடுத்து எண்ணியபோது, டோபமைன் (அசைவுக்குத் தேவையான, பார்க்கின்சனில் வற்றிப்போகிற நரம்புவேதிப்பொருள்) சுரக்கும் அணுக்கள் அங்கே குறைந்திருக்கவில்லை, இரண்டு மடங்காகியிருந்தன. நடுமூளையில் டோபமைன் வற்றுகிற அதே நோயில் குமிழில் அதைச் சுரக்கும் அணுக்கள் கூடியிருக்கின்றன. குமிழில் டோபமைனின் வேலை வாசனைச் செய்தியை அமுக்குவது. ஆண்களிடம் இந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை என்று அதே குழுவினர் பிறகு எழுதினார்கள், ஆகவே இதுவே முழுக்காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டோபமைனை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை கையை இளக்குகிறது, வாசனையைத் திருப்பித் தருவதில்லை என்ற அனுபவத்தோடு இது பொருந்துகிறது. "மாத்திரை போட்டும் வாசனை வரவில்லையே, மருந்து வேலை செய்யவில்லையா?" என்று அப்பா கேட்டால், அது இந்த மாத்திரையின் வேலை இல்லை என்று சொல்லுங்கள்.

குமிழுக்குப் பின்னால் உள்ள இடங்களைப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் தெளிவான விடை கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, நோயின் ஆரம்பத்தில் இருந்தவர்களுக்கு வாசனை மதிப்பெண் குறைவாக இருந்தால் பிரிஃபார்ம் புறணி மெலிந்திருந்தது. நோய் முற்றியவர்களில் அதே தொடர்பு அமிக்டலாவில் தெரிந்தது. அதற்கு முன்பு, 2006இல், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் குழு, நீர்மூலக்கூறுகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ. முறையில் முகர்பாதை சிதைந்திருப்பதைக் காட்டியது.

நுகரும்போதே மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் செயல்முறை எம்.ஆர்.ஐ.யும் உண்டு. கேட்க அழகாக இருக்கும், செய்வது பெரும்பாடு. இயந்திரத்துக்குள் படுத்திருப்பவரின் மூக்கில் குழாய் வைத்து, உடல் சூட்டுக்குச் சமமாகச் சூடேற்றி ஈரப்படுத்திய காற்றை விடாமல் அனுப்பி, அந்த ஓட்டம் மாறாமலேயே இடையிடையே வாசனையைக் கலக்க வேண்டும். இல்லையென்றால் மூக்கில் காற்றுப் பட்டதையே மூளை பதிவு செய்யும். மூச்சை இழுப்பதாலேயே வாசனைப் புறணி கிளர்ச்சியடைகிறது என்று நோம் சோபெலும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் காட்டினார்கள். அதே சோபெல் 2001இல் பார்க்கின்சன்காரர்களைப் பார்த்தார். அவர்கள் இழுக்கும் மூச்சே மெலிதாக இருந்தது. கையும் காலும் தளர்ந்ததுபோல மூச்சிழுக்கும் அசைவும் தளர்ந்திருந்தது. பலமாக இழுக்க வைத்தபோது அவர்களுடைய வாசனைத் திறன் ஓரளவு மேம்பட்டது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். அப்பாவிடம் அடுத்த முறை காப்பியை நீட்டும்போது, மெதுவாக அல்ல, வேகமாக ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லிப் பாருங்கள்.

போதாததற்கு, வாசனையைத் தரம் பிரிக்கும் முன்புறணி கண்குழிக்கு மேலே, சைனஸ் காற்றறைகளை ஒட்டி இருக்கிறது. காற்றும் எலும்பும் சேரும் இடத்தில் காந்தப்புலம் குலைந்து படம் அழிந்துபோகும். இத்தனைக்கும் நடுவே கிடைத்த முடிவுகளில், அமிக்டலாவிலும் ஹிப்போகாம்பஸிலும் கிளர்ச்சி குறைந்திருப்பதைப் பலர் கண்டார்கள். சில இடங்களில் கூடியிருப்பதைச் சிலர் கண்டார்கள், மூளை ஈடுகட்டப் பார்க்கிறது என்று அதை விளக்கினார்கள். நோயாளிக்கு இந்த ஸ்கேனை எழுதிக் கொடுக்கும் நிலை வரவில்லை.

மருத்துவர் உண்மையில் எழுதிக் கொடுக்கக்கூடியது வேறொன்று: டோபமைன் கடத்தி ஸ்கேன். நம் நாட்டில் டெக்னீஷியம் சேர்த்த ட்ரோடாட் என்ற மருந்தை ஊசியில் செலுத்தி, அது மூளையில் எங்கே சேர்கிறது என்று படமெடுக்கும் ஸ்பெக்ட் முறையில் எடுக்கிறார்கள். அயோடின்-123 சேர்த்த டாட்ஸ்கேனுக்கு அமெரிக்காவில் 2011இல் அனுமதி கிடைத்தது. நலமான மூளையில், டோபமைன் வந்து சேரும் ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதி இரண்டு கமாக்களைப் போல ஒளிரும். பார்க்கின்சனில் கமாவின் வால் மங்கி, முற்றுப்புள்ளி மட்டும் மிஞ்சும். கை நடுக்கத்தின் கதையை இது சொல்லும், வாசனையின் கதையை இது நேரடியாகச் சொல்லாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்த நல்ல ஆய்வு ஆம்ஸ்டர்டாமில் நடந்தது, 2004இல் வெளிவந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்று எந்த அறிகுறியும் இல்லாத 361 பேருக்கு வாசனைச் சோதனை வைத்தார்கள். வாசனை குறைந்த 40 பேரையும் நன்றாக இருந்த 38 பேரையும் எடுத்து ஸ்பெக்ட் செய்து, இரண்டு வருடம் கவனித்தார்கள். வாசனை குறைந்தவர்களில் பத்தில் ஒருவருக்குப் பார்க்கின்சன் வந்தது. அவர்கள் எல்லோருக்கும் முதல் ஸ்கேனிலேயே டோபமைன் கடத்தி வெகுவாகக் குறைந்திருந்தது. மற்ற உறவினர்களில் யாருக்கும் வரவில்லை. நீங்களும் ஒரு நோயாளியின் பிள்ளை என்பதால் இதைப் படித்துப் பயம் வரலாம். அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள்: நோயாளியின் நெருங்கிய உறவாக இருந்து, வாசனையும் குறைந்திருந்தும், பத்தில் ஒன்பது பேருக்கு அந்த இரண்டு வருடத்தில் நோய் வரவில்லை.

எல்லாப் பட ஆய்வுகளிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நடுக்கத்தைப் பற்றியதே அல்ல. அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு நரம்புவேதிப்பொருள் நினைவுக்கும் கவனத்துக்கும் அடிப்படை. அமெரிக்காவின் நிக்கோ போனனும் உடன் ஆய்வாளர்களும் 58 நோயாளிகளுக்கு அதைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்து 2010இல் வெளியிட்டார்கள். வாசனை மதிப்பெண், டோபமைன் இழப்பைவிட, ஹிப்போகாம்பஸும் அமிக்டலாவும் உள்ள பகுதியின் அசிட்டைல்கோலின் இழப்போடு நெருக்கமாக ஒத்துப்போனது. 2012இல் ஜப்பானின் தொஹொகு பல்கலைக்கழகம் மறதிநோய் இல்லாத 44 பார்க்கின்சன் நோயாளிகளை மூன்று வருடம் தொடர்ந்தது. 10 பேருக்கு மறதிநோய் வந்தது. ஆரம்பத்தில் வாசனை மிக மோசமாகப் போயிருந்தவர்கள்தான் அந்த ஆபத்தில் இருந்தார்கள். மூளை குளுகோஸை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் பெட் படங்களிலும் அவர்களுடைய மூளைப் புறணி மங்கியிருந்தது.

அப்பாவுக்கு மறதி வந்தே தீரும் என்று இதற்குப் பொருளில்லை. வாசனை போன பெரும்பாலோருக்கு அப்படி வேகமாக வருவதில்லை. ஆனால் இதில் உங்கள் கையில் ஒன்று இருக்கிறது. நடுக்கத்துக்காக ட்ரைஹெக்சிஃபெனிடில் என்ற மாத்திரையை எழுதுவதுண்டு. அது அசிட்டைல்கோலினைத் தடுத்து வேலை செய்வது. வயதானவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் கொண்டுவரக்கூடியது. அப்பாவின் சீட்டில் அது இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். "இவருக்கு ஐந்தாறு வருடமாக வாசனை இல்லை, இந்த மாத்திரை இவருக்குத் தேவைதானா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளி சொல்லாவிட்டால் வாசனை பற்றிக் கேட்க நேரமில்லாத ஓ.பி.க்களே அதிகம்.

அப்பாவுக்கு நோயை உறுதிசெய்ய இன்னொரு ஸ்கேன் வேண்டுமா என்றால், மருந்துக்குக் கை நன்றாக இளகினால் அநேகமாக வேண்டியதில்லை. 2015இல் சர்வதேச இயக்கக் கோளாறுகள் சங்கம் வகுத்த நோயறி விதிகளில் வாசனை இழப்பே ஓர் ஆதாரமாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. பார்க்கின்சன் போலவே தோன்றும் பி.எஸ்.பி. நோயிலும், வெறும் கைநடுக்க நோயிலும் வாசனை பெரிதாகக் கெடுவதில்லை. ஆனால் வாசனை நன்றாக இருக்கிறது என்பதால் பார்க்கின்சன் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பார்க்கின் என்ற மரபணுவின் கோளாறால் நோய் வருகிறவர்களுக்கு வாசனை பெரும்பாலும் தங்கிவிடுகிறது. 2023இல் 1,123 பேரின் முதுகுத்தண்டு நீரில் குலைந்த ஆல்ஃபா-சைனூக்ளினைத் தேடிய ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டியது. மரபணுக் கோளாறு தெரியாத நோயாளிகளில் வாசனை போனவர்களில் 98.6 சதவீதம் பேருக்கு அந்தப் புரதம் அகப்பட்டது, வாசனை இருந்தவர்களில் 78.3 சதவீதம் பேருக்கு. அந்தப் புரதத்தையே நேரடியாகப் படம் பிடிக்கும் ஸ்கேன் இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை.

உங்களைப் பற்றி: வேண்டாம், ஸ்கேன் எடுக்காதீர்கள். வாசனை போக சைனஸ், மூக்குச் சதை, தலையில் அடி, சளிக் காய்ச்சல், முதுமை என்று எத்தனையோ காரணங்கள். ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 2,267 பேருக்கு வாசனைச் சோதனை வைத்து எட்டு வருடம் வரை கவனித்தபோது பார்க்கின்சன் வந்தது மொத்தமே 35 பேருக்கு. கோவிட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை பிரிட்டனில் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டார்கள். 785 பேரில் 401 பேருக்கு இடையில் கோவிட் வந்திருந்தது. அவர்களுக்கு வாசனையோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளில் சிறிய மெலிவு சராசரியில் தெரிந்தது. அது கோவிட்டின் தடம், அதைப் பார்க்கின்சன் என்று படிக்க இடமில்லை. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கை கால் வீசுவது, புதிதாக விடாத மலச்சிக்கல், நடக்கையில் ஒரு கை வீசாமல் தொங்குவது, கையெழுத்து நாளுக்கு நாள் பொடியாவது, இவற்றில் ஏதாவது கூடச் சேர்ந்தால் அப்போது நரம்பியல் மருத்துவரிடம் போகலாம்.

அப்பாவும் நீங்களும் சேர்ந்து செய்யக்கூடியது வாசனைப் பயிற்சி. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனைகளை நாளுக்கு இரண்டு வேளை கவனமாக முகர்வது. 2013இல் பார்க்கின்சன் நோயாளிகளிடம் 12 வாரம் செய்து பார்த்ததில், பயிற்சி எடுத்தவர்களுக்கு ஓரளவு முன்னேற்றம் இருந்தது. பழைய மூக்கு திரும்பிவிடாது. ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை.

இன்னொன்றை இந்த வாரமே செய்துவிடுங்கள். வாசனை தெரியாதவருக்குக் கேஸ் கசிவது தெரியாது, பால் அடிப்பிடிப்பது தெரியாது, நேற்று வைத்த குழம்பு ஊசிப்போனதும் தெரியாது. அடுப்படியில் கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் ஒன்றை மாட்டுங்கள், எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், அதனால் தரைக்குச் சற்று மேலே. இரவில் ரெகுலேட்டரை அணைக்கும் வேலையை அப்பாவிடம் விடாமல் வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.